ஹாபியா, தொழிலா? ஒரு க்யூ உறைக்குள்ள இருக்கிற இருநூறு வருஷக் கதை

இது இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த "ம்ம்", "அதாவது" எல்லாத்தையும் எடிட் பண்ணித் தூக்கியாச்சு. மத்தபடி நான் பேசினதுதான்.

இன்னைக்கு ஒரு பொருளை முன்னாடி வெச்சுக்கிட்டுப் பேசப் போறேன். மைக்கில் ஒரு சத்தம் கேட்டிருக்கும், "டொக்"குனு. அது என் பூல் க்யூவை வைக்கிற தோல் உறையைத் தட்டின சத்தம். சுமார் 32 இன்ச் நீளம். வெளியே மாட்டுத்தோல், உள்ளே வெல்வெட். நானே கையால் தைத்தது. மூணு மாசம் ஆச்சு. ஒரு பக்கம் தையல் நேரா இருக்கும், இன்னொரு பக்கத்தைத் தயவுசெஞ்சு பார்க்காதீங்க.

நான் மேல்பட்டாம்பாக்கத்துக்காரன். கடலூர்லேர்ந்து விழுப்புரம் போற ரயிலில் நெல்லிக்குப்பம் தாண்டினா அடுத்த ஸ்டேஷன். அதுக்கடுத்து பண்ருட்டி. வேலை சென்னையில். சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ் நண்பர்களோட மணிக்கணக்குக்குக் காசு கட்டி பூல் ஆடுவேன். அப்படித்தான் சொந்தமா ஒரு க்யூ வாங்கினேன், அப்படித்தான் அதுக்கு ஒரு உறை செய்யணும்னு கிறுக்குப் பிடிச்சது.

ஒரு தீபாவளி லீவுக்கு, பாதி வேலையில் இருந்த தோலைச் சுருட்டி எடுத்துக்கிட்டு ஊருக்குப் போனேன். வாசப்படி ஏறும்போதே எங்க ஆயா மூக்கைச் சுளிச்சுது. "என்னடா அது?" "தோல் ஆயா. மாட்டுத்தோல்." "உள்ளே எடுத்துக்கிட்டு வராதே. திண்ணையிலேயே வை." வெச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டுது: "நமக்கு எதுக்குடா இந்தத் தொழில்?"

"தொழில் இல்ல ஆயா, ஹாபி" என்றேன். ஆயாவுக்கு அந்த வார்த்தை புரியல. எனக்கும் அன்னைக்கு அது முழுசாப் புரியலன்னு இப்போ தோணுது. இந்த எபிசோடே அந்த ரெண்டு வார்த்தையைப் பத்தினதுதான். ஒரே வேலை. அது யார் கையில் ஹாபி ஆகுது, யார் கையில் தொழில் ஆகுது, யார் கையில் இழிவு ஆகுது? இந்த உறையைப் பிரிச்சுப் பார்த்தா விடை கிடைக்கும்.

முனையில் ஒரு துண்டுத் தோல்

உறைக்குள்ள இருக்கிற ஆட்டத்துலேர்ந்து ஆரம்பிப்போம்.

பூல் க்யூ பொதுவா 58 இன்ச் நீளம், அரைக் கிலோவுக்குச் சற்று கூடுதலான எடை. நடுவில் திருகிக் கழற்றினா ரெண்டு துண்டாகும். பிடிக்கிற தடிமனான பக்கம் ஒண்ணு, பந்தை அடிக்கிற மெல்லிசான பக்கம் ஒண்ணு. மரம்கிறதால ஈரக்காத்து ஆகாது. வெயிலில் நிக்கிற காரில் விட்டாலும் ஆகாது. லேசா வளைஞ்சாப் போச்சு, மேஜையில் உருட்டிப் பார்த்தா துள்ளும். அதுக்குத்தான் உறை.

ஆனா தோல் இந்த ஆட்டத்துக்குள்ள உறையா மட்டும் வரல. க்யூவின் முனையைப் பாருங்க. ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமா ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அது தோல். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரான்சுவா மெங்கோ என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி, அரசியல் கைதியாகப் பாரிஸ் சிறையில் இருந்தபோது இந்தத் தோல் முனையைச் சரியா உருவாக்கினார்னு பில்லியர்ட்ஸ் வரலாற்றில் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி வெறும் மரமுனைதான். பந்தின் ஓரத்தில் தட்டினா வழுக்கிடும். தோல் வந்த பிறகு முனை பந்தை ஒரு கணம் பிடிக்க ஆரம்பிச்சது. பந்தைச் சுழல விடலாம், பின்னாடி இழுக்கலாம், வளைக்கலாம். இன்னைக்கு யூடியூபில் நாம வாயைப் பிளந்து பார்க்கிற எல்லா ஷாட்டும் அந்தச் சின்னத் தோல் துண்டால் வந்தது.

பூலின் அண்ணன் மாதிரி இருக்கிற ஸ்னூக்கர் நம்ம நாட்டில் பிறந்த ஆட்டம். 1875. ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் மெஸ். மழைக்காலம், வெளியே போக முடியாது. நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, அப்போ ஆடிக்கிட்டிருந்த ஒரு ஆட்டத்தில் வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். இவர் பின்னாடி பிரதமரான சேம்பர்லின் இல்ல, வேற ஆள். அப்போ ராணுவப் பள்ளியில் புதுசாச் சேர்ந்த மாணவனைக் கிண்டலாக 'ஸ்னூக்கர்'னு கூப்பிடுவாங்களாம். சுலபமான ஒரு பந்தை ஒருத்தர் விட்டபோது சேம்பர்லின் அந்தப் பட்டத்தைச் சூட்டினார். பெயர் ஆட்டத்துக்கே நின்னு போச்சு. இதை அவரே 1938-ல் 'தி ஃபீல்ட்' இதழுக்கு எழுதின கடிதத்தில் சொல்லியிருக்கார்.

1880-களில் அவர் சென்னை ராணுவத் தளபதி ராபர்ட்ஸின் பணியாளராக ஊட்டிக்கு வந்தார். ஸ்னூக்கரின் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டு, ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. உலகமே இன்னைக்கு டிவியில் பார்க்கிற ஒரு ஆட்டத்தின் விதி எழுதப்பட்ட இடம் நம்ம ஊட்டி.

பெருமைப்படலாம். ஆனா அந்த அறைக்குள்ள யார் இருந்தாங்கன்னும் கேட்கணும். ஆடினவங்க வெள்ளைக்கார அதிகாரிகள். அதே மாதிரி கிளப்புகளில் 'மார்க்கர்'னு ஒரு வேலை உண்டு. ஸ்கோர் குறிக்கிறது, பந்தை எடுத்து வைக்கிறது, மேஜையைத் துடைக்கிறது, க்யூ முனையில் தேய்ஞ்ச தோலை மாத்தி ஒட்டுறது. அது இந்தியர்கள் செய்த வேலை. ஆட்டம் ஒருத்தருக்கு, தோல் இன்னொருத்தருக்கு. இந்தப் பிரிவை மனசில் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

பாரி கம்பெனியின் தோல் கிடங்கு

இப்போ மலையை விட்டுக் கீழே இறங்கி எங்க ஊர்ப் பக்கம் வருவோம்.

சின்ன வயசில் காத்து அந்தப் பக்கத்திலிருந்து அடிச்சா, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் வாசனை எங்க தெருவரைக்கும் வரும். கரும்பு வண்டிகள் வரிசையா நிக்கும். அது ஈ.ஐ.டி. பாரி ஆலை. பாரின்னா சென்னையில் பாரிமுனை இருக்கே, அதே பாரி. தாமஸ் பாரி. 1788-ல் வேல்ஸிலிருந்து மெட்ராஸ் வந்த வியாபாரி.

சர்க்கரை அவர் இறந்த பிறகு வந்த கதை. அவர் காலத்தில் அவர் கைவெச்ச தொழில்களில் ஒண்ணு தோல். 1805-ல் சாந்தோமில் ஒரு தோல் பதனிடும் ஆலையைத் தொடங்கினார். ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் தோல் பதனிட இந்தப் பக்கம் நடந்த ஆரம்ப முயற்சிகளில் அது ஒண்ணு. 1824-ல் பரங்கிப்பேட்டையில் காலராவில் இறந்தார். அவர் கல்லறை கடலூரில் கிறைஸ்ட் சர்ச்சில் இருக்கு. கடலூர்க்காரங்களில் பல பேருக்கே இது தெரியாது.

பாரியை நான் ஏன் இழுக்கிறேன்? அவர் தோல் வியாபாரம் செஞ்சார், அவுரி வியாபாரமும் செஞ்சார், வேற பலதும் செஞ்சார். ஒண்ணு சரிவரலன்னா இன்னொண்ணுக்குப் போவார். தோலைத் தொட்டதால அவரை யாரும் திண்ணையில் நிறுத்தல. அவர் பிள்ளைகளுக்குத் தோல்காரன்னு பேர் ஒட்டல. அவர் பேரில் சென்னையின் நடு மையத்தில் ஒரு முனையே இருக்கு.

தோலுக்குள்ள வரலாம், வேண்டாம்னா வெளியேயும் போகலாம். இந்தச் சுதந்திரம் இருந்தவங்க யார், இல்லாதவங்க யார்? தமிழ்நாட்டின் தோல் வரலாற்றை இந்த ஒரே கேள்வியால் படிச்சுடலாம்.

ஆவாரை

என் உறைக்கு நான் தேடினது தாவரப் பதனீட்டுத் தோல். காரணம் இருக்கு. நம்ம ஷூவிலும் ஹேண்ட்பேகிலும் இருக்கிறது பெரும்பாலும் குரோம் தோல். மெத்துனு இருக்கும், தண்ணியைத் தாங்கும். ஆனா அதில் பூ செதுக்கினா பதியாது, உருவம் நிக்காது. மரப்பட்டையில் பதனிட்ட தோலை நனைச்சு ஒரு குழாயைச் சுத்திக் கட்டி நிழலில் காயவெச்சா, காய்ஞ்ச பிறகு அந்த வடிவத்திலேயே விறைப்பா நின்னுடும். க்யூ உறைக்கு அதுதான் வேணும்.

அந்தத் தோலுக்குத் தமிழ்நாடு உலகப்புகழ் பெற்ற இடம். காரணம் ஒரு செடி. பொங்கலுக்குக் காப்பு கட்டும்போது வேப்பிலை, சிறுபூளையோட சேர்த்துச் செருகுவோமே, அந்த மஞ்சள் பூ. ஆவாரை. எங்க ஊர்லேர்ந்து பண்ருட்டி போற வழியிலும் பொட்டல் கண்ட இடத்தில் பூத்துக்கிடக்கும். பூவை டீ போடுறோம், பொடி பண்ணி முகத்தில் பூசுறோம். அதோட பட்டையில் இருக்கிற துவர்ப்புதான் தோல் தொழிலின் மூலதனம்.

வேலை எப்படி நடக்கும்னா, பச்சைத் தோலை முதல்ல தண்ணியில் ஊறவைப்பாங்க. பிறகு சுண்ணாம்புத் தொட்டி. முடி இளகி வந்துடும். உள்பக்கம் ஒட்டியிருக்கிற சதையைக் கத்தியால் சீவி எடுக்கணும். அப்புறம் ஆவாரம்பட்டை ஊறின தொட்டியில் மாத்தி மாத்தி ஊறப்போடணும், தண்ணியின் துவர்ப்பைப் படிப்படியா ஏத்திக்கிட்டே. பிறகு கடுக்காய்த் தண்ணி. கடைசியில் எண்ணெய், பெரும்பாலும் புங்க எண்ணெய். எல்லாம் முடிய வாரக்கணக்காகும். பட்டையில் இருக்கிற துவர்ப்புப் பொருள் தோலில் இருக்கிற புரதத்தோட பிணைஞ்சு, அதை அழுகவிடாமல் நிறுத்திடும்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு ஒரு பழமொழி இருக்குல்ல? உடம்புக்கு நல்லதுங்கிற அர்த்தத்தில் சொல்றது. தோல் ஷாப்பில் அதே ஆவாரை செத்த மாட்டின் தோலை நூறு வருஷம் சாகாம வைக்குது.

இப்படிப் பதனிட்ட தோல், 'ஈஸ்ட் இந்தியா' தோல்ங்கிற பேரில் 19-ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து லண்டன் சந்தைக்குக் கப்பல் கப்பலாப் போச்சு. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு இந்தத் தோல் அவ்வளவு தேவைப்பட்டதால, அரசே அதன் வியாபாரத்தைக் கையில் எடுத்துக்கிச்சு. இன்னைக்கு இதுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. மணப்பாறை முறுக்குக்கும் மதுரை மல்லிக்கும் இருக்கே, அதே குறியீடு.

பின்னாடி ஆவாரம்பட்டை போதாம, வாட்டில் மரத்தின் பட்டை வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரங்க நீலகிரியில் கொண்டுவந்து நட்ட மரம். இப்போ அங்க சோலையையும் புல்வெளியையும் தின்னுக்கிட்டிருக்கிறதா சூழலியல் ஆட்கள் சொல்றது அதே மரத்தைத்தான். ஸ்னூக்கரின் விதியும் தோலுக்கான பட்டையும் ஒரே மலையில் வளர்ந்திருக்கு.

குரோம் தோலின் கதையும் நமக்குப் பக்கத்தில்தான். ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் 1903 வாக்கில் மெட்ராஸ் கலைப் பள்ளியில் குரோம் முறையைச் சோதிச்சுப் பார்த்தார். அவர் மனசில் இருந்த பயன்களில் ஒண்ணு, கிணத்துலேர்ந்து மாடு கட்டித் தண்ணி இறைக்கிற கவலைக்கான தோல். எப்பவும் தண்ணியிலேயே கிடக்கிற தோல் சீக்கிரம் மக்காம இருக்கணுமே. சில வருஷத்தில் பல்லாவரம் பக்கம் சேம்பர்ஸ் என்பவர் ஒரு குரோம் தோல் ஆலையைத் தொடங்கினார். அந்த ஆலையின் பேரில் ஒரு ஊரே உருவாச்சு. ஆமாங்க, குரோம்பேட்டை. தினமும் எலக்ட்ரிக் ட்ரெயினில் அந்த அறிவிப்பைக் கேட்கிறவங்க இனிமே நினைச்சுக்கலாம், உங்க ஸ்டேஷன் பேரே தோலில் இருந்து வந்தது.

சுண்ணாம்புத் தொட்டியில் நின்ன கை

இவ்வளவு நேரம் நான் சொன்ன பேரெல்லாம் யோசிச்சுப் பாருங்க. பாரி, சாட்டர்டன், சேம்பர்ஸ். சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் அளவு நின்னு தோலைப் புரட்டினவங்க பேர் ஒண்ணு கூட வரல. ஆவணத்தில் அவங்க கூலியா இருக்காங்க, சாதிப் பேரா இருக்காங்க. ஆளா இல்ல.

கிராமத்தில் தோல் இல்லாம விவசாயமே நடக்காது. கவலைக்குத் தோல் வேணும், மாட்டுக்குப் பட்டை வேணும், காலுக்குச் செருப்பு வேணும், சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை வேணும். அத்தனையும் செஞ்சு கொடுத்தவங்களை ஊர் எல்லைக்கு வெளியே குடிவெச்சது. செத்த மாட்டைத் தூக்கணும்ங்கிறது அவங்களுக்குக் கடமை. வேண்டாம்னு சொல்ற உரிமை கிடையாது. பாரிக்கு இருந்ததும் இவங்களுக்கு இல்லாததும் அதுதான்.

எங்க ஊருக்கே இதில் ஒரு பங்கு இருக்கு. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு பழைய டேனிஷ் மிஷன் வளாகம் உண்டு. அதைத் தொடங்கினவர் கார்ல் ஓக்ஸ். முதலில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் இருந்தவர். அந்த மிஷன், திருச்சபைக்குள்ள சாதி வேறுபாட்டை ஓரளவு சகிச்சுக்கலாம்னு நிலைப்பாடு எடுத்தது. ஓக்ஸ் ஒத்துக்கல. தகராறு முத்தி வெளியேறினார். 1860-களின் தொடக்கத்தில் எங்க ஊரில் வந்து தனியா ஆரம்பிச்சார். அப்புறம் டேனிஷ் மிஷன் அவரை ஏத்துக்கிச்சு. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

அந்த மதில் சுவர் வழியா நான் ஆயிரம் தடவை நடந்திருப்பேன். அது சாதியைப் பத்தின ஒரு சண்டையில் பிறந்த வளாகம்னு எனக்கு யாரும் சொன்னதில்ல. அதே தெருவின் இன்னொரு கோடியில் எங்க ஆயா தோலைத் திண்ணையில் வைக்கச் சொல்லுது. நூத்தி அறுபது வருஷம் கழிச்சு.

இழிவை எதிர்த்து உள்ளேயிருந்தும் ஆட்கள் எழுந்தாங்க. 1920-களில் மெட்ராஸ் சட்டமன்றத்தில் அருந்ததியர் சமூகத்தின் குரலாக இருந்தவர் எல்.சி. குருசாமி. பகலில் வேலைக்குப் போற தன் மக்களுக்காக இரவுப் பள்ளிகளை நடத்தினார். தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் இடஒதுக்கீடு சட்டமாக வந்தது 2009-ல். அப்படிப்பட்ட உள் ஒதுக்கீடு செல்லும்னு உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது 2024 ஆகஸ்ட் 1-ல். இரவுப் பள்ளிக்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவில் நூறு வருஷம்.

இன்னொரு பக்கம், தோல் ஒரு அறிவியலாகவும் மாறுச்சு. 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. அதை உலக அளவுக்குக் கொண்டுபோன இயக்குநர் நாயுடம்மா, ஆந்திராவின் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வேதியியல் படிச்சுட்டுத் தோலுக்குள்ள வந்தார், அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1985-ல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் இறந்துபோனார். அவரால் தோல் தொழில்நுட்பம் மரியாதையான படிப்பாச்சு. ஆனா ஆய்வகத்தில் தோலைத் தொட்டா விஞ்ஞானி, தொட்டியில் தொட்டா சாதி. இந்த வித்தியாசம் மட்டும் முழுசாப் போகல.

தொட்டியில் நிக்கிறவங்க கொடுத்த விலை வேற. பாலாற்றங்கரை ஊர்களில் தோல் கழிவால் நிலமும் தண்ணியும் கெட்டதைப் பத்தி 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் ஒரு கழிவுத் தொட்டி இடிஞ்சு, தூங்கிக்கிட்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தாங்க. நல்ல தோலின் வாசனையைப் பத்தி நானும் இன்ஸ்டாவில் எழுதியிருக்கேன். அந்த ராத்திரியின் வாசனையை யாரும் எழுத முடியாது.

ஆடுறவர் ஒருத்தர், தோலைத் தொடுறவர் இன்னொருத்தர்னு ஊட்டி கிளப்பில் ஒரு பிரிவைப் பார்த்தோமே? கச்சேரி மேடையிலும் அதே கதைதான். மிருதங்கத்தின் ரெண்டு முகமும் தோல். வாசிக்கிறவர் மேடையில் இருப்பார், தோலைத் தேர்ந்தெடுத்து, சீவி, கட்டி, சுருதி நிக்க வைக்கிறவர் எங்கேயும் தெரியமாட்டார். டி.எம். கிருஷ்ணா அந்தக் கைவினைஞர்களைப் பத்தி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். 2020-ல் அதன் வெளியீட்டுக்கு ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அரங்கத்தைத் தர மறுத்தது செய்தியாச்சு. தோலைப் பத்திப் பேசவே இடம் கிடைக்கிறது இவ்வளவு கஷ்டம்.

ரெண்டு ஊசி, ஒரு நூல்

சரி, உறைக்கு வருவோம்.

அமெரிக்காவில் கையால் செஞ்ச பூல் க்யூ உறைக்குன்னு தனி உலகமே இருக்கு. குதிரைச் சேணம் செய்யும் மரபு அங்க வலுவானது. வயோமிங் மாநிலத்தில் ஷெரிடன்னு ஒரு ஊர், அங்க சேணத்தில் செதுக்கின பூவேலைப்பாட்டை இன்னைக்கும் 'ஷெரிடன் பாணி'ன்னு சொல்றாங்க. சேணம் செய்றவருக்கு அங்க கௌபாய் கதையின் மவுசு. அந்தக் கைவேலை பெல்ட்டுக்கு வந்தது, துப்பாக்கி உறைக்கு வந்தது, க்யூ உறைக்கும் வந்தது. வாரக் கடைசியில் கார் ஷெட்டில் உட்கார்ந்து இதைச் செய்ற டாக்டர், வக்கீல் எல்லாம் உண்டு. அங்கேயும் இங்கேயும் ஊசி ஒண்ணுதான். அங்க அதுக்குக் கிடைச்ச கதை வேற.

நான் செஞ்ச விதம் இது. பி.வி.சி. குழாய் ரெண்டு. தடிமனான பாகத்துக்கு ஒன்றரை இன்ச், மெல்லிய பாகத்துக்கு ஒரு இன்ச். உள்ளே வெல்வெட்டைச் சுருட்டி ஒட்டணும். இது நினைச்சதைவிடப் பெரிய தலைவலி. ரெண்டு குழாயையும் சேர்த்து ஒட்டி, நடுவில் விழுற பள்ளத்தை அட்டையால் நிரப்பி, மூணு மில்லிமீட்டர் தடிமன் தோலை நனைச்சுச் சுத்தினேன். தோல் வாங்கினது பெரியமேட்டில். சதுர அடிக் கணக்கு. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "காலேஜ் ப்ராஜெக்டா?"ன்னு கேட்டார்.

தையல்தான் கஷ்டம். ஒரே நூல், ரெண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு ஓட்டையிலும் ரெண்டு ஊசியும் எதிரெதிரா நுழைஞ்சு வரணும். மெஷின் தையலில் ஒரு இடம் அறுந்தா வரிசையாப் பிரிஞ்சுடும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மத்தது பிடிச்சு நிக்கும். யூடியூபில் இருபது வீடியோ பார்த்தேன். வரல. நூல் பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போச்சு.

ஊருக்குப் போனப்போ, பக்கத்து டவுன் பஸ் ஸ்டாண்டு வாசலில் குடைக்குக் கீழ உட்கார்ந்து செருப்புத் தைக்கிற ஒரு அண்ணன்கிட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். அறுபது வயசு இருக்கும். பேர் சொல்ல வேண்டாம்னார், சொல்லல.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி இது, துப்பாக்கியா?"

"இல்லண்ணே, பூல் ஆடுற குச்சி."

"குச்சிக்கா இவ்ளோ வேலை?" சிரிச்சார். என் தையலைப் பார்த்ததும் சிரிப்பு நின்னுச்சு. குத்தூசியை வாங்கி, நேரா இறக்காம லேசாச் சாய்ச்சு ஒரு ஓட்டை போட்டார். அடுத்தது. அடுத்தது. நூலில் தேன்மெழுகை ஓட்டி, ரெண்டு கையாலும் ஒரே நேரத்தில் இழுத்தார். "ரெண்டு பக்கமும் ஒரே பலம் போடணும். ஒரு கை ஜாஸ்தி இழுத்தா கோணிக்கும்." நாலு இன்ச் தைச்சுக் காட்டினார். உறையின் நேரான பக்கம்னு சொன்னேனே, அது ஆரம்பிக்கிறது அவர் கையில்.

"இந்தத் தையலுக்கு என்ன பேருண்ணே?"

"பேரா? தையல்தான்."

நாலு நாள் போய் உட்கார்ந்து கத்துக்கிட்டேன். காசு கொடுத்தேன், வாங்கிக்கிட்டார். கடைசி நாள், உங்க பையனுக்கு இந்த வேலை தெரியுமான்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோன்னு இப்போ தோணுது.

"அவன் டிப்ளமா முடிச்சுட்டு ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனியில இருக்கான். ஊசியத் தொட விட்டதில்ல. இப்போ பொண்ணு பாக்குறோம். அப்பா என்ன பண்றார்னு கேட்டா பிசினஸ்னு சொல்லச் சொல்லியிருக்கான்." கொஞ்ச நேரம் நூலையே பார்த்தார். "அவன் சொல்றதும் சரிதான் தம்பி. நீ இத போட்டோ எடுத்துப் போடுவ, நாலு பேர் சூப்பர்ம்பாங்க. அவன் போட்டா, என்ன ஆளுங்கன்னு கேப்பாங்க."

என்கிட்ட பதில் இல்ல. டீ வாங்கிட்டு வந்தேன், குடிச்சோம்.

ஆயா கேட்ட கேள்வி அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. ஹாபின்னா என்ன? எப்போ வேணும்னாலும் விடலாம், விட்டாலும் விடாட்டியும் என் பேரில் எதுவும் ஒட்டாது. பாரிக்கு அது இருந்தது. எனக்கும் இருக்கு. அந்த அண்ணனுக்கு இல்லாததால, தன் பையனுக்கு அதை வாங்கிக் கொடுக்க ஒரு வாழ்நாள் முழுக்கத் தைச்சிருக்கார். அதுக்கு அவர் கொடுத்த விலை, கையில் இருக்கிற வித்தை அவரோட முடியறது.

2025 ஜூனில் மிலான் ஃபேஷன் மேடையில் ப்ராடா கம்பெனி, கோலாப்பூரி செருப்பு மாதிரியே ஒண்ணைக் கோலாப்பூர் பேரே சொல்லாமக் காட்டினதும், எதிர்ப்பு வந்த பிறகு ஒத்துக்கிட்டதும் ஞாபகம் இருக்கும். நாமளும் ட்விட்டரில் கொதிச்சோம். நானும் ஒரு போஸ்ட் போட்டேன். ஆனா நம்ம பஸ் ஸ்டாண்டு வாசலில் இருக்கிற தையலுக்கு நாம கொடுத்திருக்கிற பேர் என்ன?

உறை செய்றவங்க எல்லாம் மூடியின் உள்பக்கத்தில் தன் முத்திரையைக் குத்துவாங்க. நான் அந்த அண்ணன்கிட்ட, உங்க பேரோட முதல் எழுத்தைப் போடட்டுமான்னு கேட்டேன். "வேணாம் தம்பி"ன்னார். என் பேரை மட்டும் போட மனசு வரல. அந்த இடம் காலியாத்தான் இருக்கு. உறை சென்னையில் என் ரூமில் கதவு ஓரமா நிக்குது. ஆயா வீட்டுக்குள்ள அது இன்னும் போகல. அடுத்த பொங்கலுக்குத் திண்ணையைத் தாண்டி எடுத்துக்கிட்டுப் போகப் போறேன், சண்டை வந்தா வரட்டும்.

உங்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டில் தாத்தாவோ பாட்டியோ கைவிட்ட ஒரு தொழில் இருக்கும். அது என்ன, ஏன் விட்டாங்க, விட முடிஞ்சதா, விட வெச்சாங்களான்னு கேட்டுப் பாருங்க. சொல்ல அவங்களுக்குச் சம்மதம்னா எங்களுக்கு எழுதுங்க, பேர் இல்லாம. ஒரு எபிசோடில் வாசிப்போம்.

அடுத்த வாரம் பார்ப்போம்.